வினாவிடையில் வராத பெயர்

பார்வதம்மா வாயைத் திறக்காமல் நின்ற அன்றைக்கு எனக்கு வந்த கோபத்துக்கு, அது மட்டும் கோயிலாக இல்லாமல் இருந்திருந்தால், அவள் தோளைப் பிடித்து உலுக்கியிருப்பேன். மாதக்கணக்கில் கூட உட்கார்ந்து அவளுக்கு வேதப் பாடம் சொல்லி வந்தவள் நான். எழுத்தே தெரியாத அவள், ஞானஸ்நானத்துக்கு வேண்டிய வினாவிடை முழுவதையும் காதால் கேட்டே நெஞ்சில் ஏற்றியிருந்தாள். களி கிண்டும்போது சொல்வாள். தண்ணீர்த் தொட்டியில் குடம் நிரம்புவதற்குள் சொல்வாள். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவாள் என்று எங்கள் வீட்டு உபதேசியாரிடம் நான் பெருமையடித்து வைத்திருந்தேன்.

உபதேசியார் என்பது என் கணவர்தான். தங்கச் சுரங்க ஊரான ஊரிகத்துச் சின்னக் கோயிலில் ஞாயிற்றுக்கிழமை வேதம் வாசிப்பதும், நோயாளிகளைப் போய்ப் பார்ப்பதும், சுரங்கக் கூலிக்காரர்களின் லைன் வீட்டுப் பிள்ளைகளுக்கு அரிச்சுவடி சொல்வதும் அவர் வேலை. சாகக் கிடக்கிற பிள்ளைக்கு மட்டும் அவர் தண்ணீர் தெளிக்கலாம். மற்றவர்களுக்கு ஞானஸ்நானம் கொடுக்கப் பெங்களூரிலிருந்து ஒரு வெள்ளைக்கார ஐயர், அதாவது பாதிரியார், ரயிலேறி வர வேண்டும். அவரை நாங்கள் பெரிய ஐயர் என்போம். நல்ல மனிதர், ஆனால் கறார். கேள்வி கேட்டுப் பதில் வாங்காமல் ஒருவர் தலையிலும் ஒரு சொட்டுத் தண்ணீர் விட மாட்டார்.

அன்றைக்கும் கேட்டார். உலகத்தைப் படைத்தது யார், முதல் பாவம் எது, பேழையைச் செய்தது யார் என்று வரிசையாகக் கேட்டுக்கொண்டே போனார். பார்வதம்மா கையைக் கட்டிக்கொண்டு டக்கு டக்கென்று சொல்லிக்கொண்டே வந்தாள். எனக்கு மனசு குளிர்ந்து போயிற்று. அப்புறம் பெரிய ஐயர் கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டு கேட்டார்.

“வனாந்தரத்திலே பசித்திருந்த இஸ்ரவேலருக்குத் தேவன் வானத்திலிருந்து எதைக் கொடுத்துப் போஷித்தார்?”

பார்வதம்மா தரையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். முந்தானையை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டாள். பக்கத்தில் நின்ற வெங்கடம்மா, பாடத்தைப் பாதி வழியிலே விட்டவள், இவளுக்குப் போய் விடை எடுத்துக் கொடுத்தாள்.

“மன்னா, மன்னான்னு சொல்லுக்கா.”

பார்வதம்மா அவளை முறைத்த முறைப்பில் வெங்கடம்மா ஓரடி தள்ளி நின்றாள்.

“நீ இதைப் படிக்கவில்லையா?” என்றார் பெரிய ஐயர்.

“படிச்சன் சாமி.”

“அப்படியானால் சொல்.”

சொல்லவில்லை. அவள் மறுபடி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். ஒரு கேள்விக்கு மட்டும் வாயை மூடுகிறவர்கள் உள்ளே எதையோ ஒளித்து வைத்திருக்கிறார்கள் என்று அவருக்கு ஒரு எண்ணம். அடுத்த தடவை பார்ப்போம் என்று சொல்லிவிட்டு, வெங்கடம்மாவுக்கு ஞானஸ்நானம் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். ஆமாம், வெங்கடம்மாவுக்கு. முதல் முறை இந்தப் பாடத்தை நடத்தியபோது, “மன்னான்னா ராசாதானம்மா? ராசாவயா துன்னாங்க?” என்று கேட்டவள் அவள்.

பார்வதம்மாவுக்கு இது எவ்வளவு பெரிய அடி என்று ஊரிகத்தில் என்னைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் இல்லை. அவளுக்கு ஒரு பெண் குழந்தை இருந்தது. நடக்கப் பழகியதும் முதலில் எங்கள் வீட்டுக்குத்தான் நடந்து வந்தது. காய்ச்சல் கண்டு கண் சொருகிய அன்று, பார்வதம்மா அதைத் தூக்கிக்கொண்டு எங்கள் வாசலில் வந்து விழுந்தாள். “உங்க சாமி தண்ணிய ஊத்துங்கய்யா, எந்தச் சாமியாச்சும் பாக்கட்டும்” என்றாள். பின்னாலேயே ஓடிவந்த அவள் வீட்டுக்காரன் மடியில் அதைப் படுக்கவைத்து, உபதேசியார் தண்ணீர் தெளித்து வின்னி என்று பெயர் வைத்தார். அன்று சாயங்காலமே வின்னி போய்விட்டாள். சபைக் கல்லறைத் தோட்டத்தில் புங்கமரத்தடியில் அவளைப் புதைத்தோம். அந்தத் தோட்டத்தில் ஞானஸ்நானம் பெற்றவர்களுக்கு மட்டும்தான் இடம்.

“அவ தனியா தூங்க மாட்டாம்மா. நான் செத்தா அவ பக்கத்துல படுக்கணும்” என்று பார்வதம்மா என்னிடம் சொன்னாள். அதற்காகத்தான் பாடம் கேட்க வந்தாள். வந்த இடத்தில் அவளுக்கு இயேசுவையும் பிடித்துப் போயிற்று என்பது வேறு விஷயம். பிள்ளைகளை மடியில் வைத்துக்கொண்டாராமே என்று அடிக்கடி கேட்பாள்.

அப்படிப்பட்டவள் ஒரே ஒரு சொல்லைச் சொல்லாமல் நின்றுவிட்டாள். கோயில் விட்டதும் அவளை நேராக என் அடுப்படிக்கு இழுத்துக்கொண்டு வந்தேன்.

“இன்னாடி ஆச்சு ஒனக்கு? மென்னிய யாராச்சும் புடிச்சாங்களா?”

“எப்டிம்மா சொல்லுவேன்? அது அவரு பேருல்ல?”

எனக்கு அப்போதுதான் உறைத்தது. பாடம் ஒப்பிக்கும்போதெல்லாம் அந்த இடத்தில் இருமித் தாண்டிவிடுவாள், நான்தான் கவனிக்கவில்லை. அவள் வீட்டுக்காரன் பெயர் மன்னாரு. குடியாத்தம் பக்கத்துக்காரன். அவன் அம்மா மன்னார்சாமிக்கு வேண்டிக்கொண்டு பெற்ற பிள்ளை. சுரங்கத்துக்குள் பாறை சரியாமல் மரம் முட்டுக் கொடுக்கிற வேலை. ஆள் வாசலை அடைத்துக்கொண்டு நிற்பான். லைன் முழுக்க அவனுக்கு மன்னா என்றுதான் பெயர். வானத்திலிருந்து மன்னா விழுந்தது என்று உபதேசியார் வாசித்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவனோடு ஷிப்டு போகிறவர்கள் எல்லாரும் குனிந்து குலுங்கினார்கள். மன்னா விழுந்தால் இஸ்ரவேலர் ஒருத்தரும் மிஞ்சியிருக்க மாட்டார்கள் என்று வாசலில் ஒருவன் சொன்னது என் காதிலும் விழுந்தது. சிரித்தேனே தவிர, பார்வதம்மாவின் நாக்கில் அது வந்து முட்டும் என்று நினைக்கவில்லை.

“பேருதானே? சொன்னா இன்னா? புருஷன் பேரச் சொன்னா அவனுக்கு ஆயுசு கொறையும்னு எவளோ சொல்லிவெச்சா, நீயும் நம்பிக்கினு கீற. அதெல்லாம் அஞ்ஞானம். வேதத்துல அப்டி ஒரு எடத்துலயும் இல்ல.”

“அவரு தெனம் பூமிக்குள்ள போறவரும்மா. மேல வர வரைக்கும் எனக்கு உசுரு கைல இல்ல. நான் போயி ஆயுசோட வெளையாடுவனா?”

“வெளையாட்டு இல்லடி, பரீட்சை.”

“அதுவுமில்லாம, சனங்க முன்னால நின்னுக்கினு எம் புருஷன அவுங்க துன்னாங்கன்னு சொல்லச் சொல்றீங்க.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு, கிறிஸ்தவப் பெண் இதற்கெல்லாம் பயப்படக் கூடாது என்று நீளமாக ஒரு பிரசங்கம் செய்தேன். அவள் பொறுமையாகக் கேட்டாள்.

“சரிம்மா. உங்க வூட்டுக்காரர் பேரு இன்னா?”

“உபதேசியார்” என்றேன்.

“அது அவரு வேலம்மா. பேரு?”

வாயைத் திறந்தேன். அடுப்பைப் பார்த்தேன், கூரையைப் பார்த்தேன். மிஷன் பள்ளியில் படித்தவள் நான், மோதிரம் மாற்றிக் கல்யாணம் செய்தவள். அந்தப் பெயர் தொண்டைக்குழி வரைக்கும் வந்தது, அதற்கு மேல் ஏறவில்லை.

“போடி” என்றேன். இரண்டு பேரும் சிரித்தோம். சிரித்து முடித்ததும் அவள் அழுதாள்.

ராத்திரிச் சாப்பாட்டில் உபதேசியாரிடம் இதைச் சொன்னேன். பெரிய ஐயரிடம் காரணத்தைச் சொல்லிவிடலாமே என்றேன். அவர் வேண்டாம் என்று தலையை ஆட்டினார்.

“சொன்னா, மொதல்ல அந்தப் பழக்கத்த வுட்டுட்டு வான்னு சொல்லுவார். அப்புறம் அவர் எங்கிட்ட கேப்பார், ஒங்க வூட்ல எப்டின்னு.”

அந்தப் பேச்சை அதோடு விட்டேன். அவர் களியைக் கிள்ளிக் குழம்பில் தோய்த்துக்கொண்டே, தனக்குத்தானே பேசுகிற மாதிரி ஆரம்பித்தார். அப்படி ஆரம்பித்தால் களி ஆறும்வரை நிற்காது.

“இத்தனைக்கும் அந்த வார்த்தை ஒரு பேரே இல்ல, இசபெல். வேதபாடசாலையில எங்களுக்கு எபிரெயம் சொன்னவர் சொல்லியிருக்கார். விடிகாலையில கூடாரத்தத் தெறந்து பாக்கறாங்க. தரையெல்லாம் உறைபனி மாதிரி வெள்ளையா கெடக்குது. இன்னதுன்னு ஒருத்தருக்கும் தெரியல. ஒருத்தர் மொகத்த ஒருத்தர் பாத்து, மான் ஹூ, மான் ஹூன்னு கேக்கறாங்க. இது என்னன்னு அர்த்தம். அந்தக் கேள்வியே பேரா நின்னுடுச்சு.”

“இங்கயும் தெனம் விடிஞ்சா தரையெல்லாம் கல்லு இடிக்கற மில்லுத் தூளு வெள்ளையாத்தான் கெடக்குது. நாங்க தொடப்பத்தத்தான் எடுக்கறோம்.”

“கேளேன். கேள்வி பேராச்சு. பேரு சோறாச்சு. அப்புறம், நெனைக்காத எடத்துலருந்து கடவுள் கொடுக்கறது எல்லாத்துக்கும் அதுவே பேராச்சு. இப்ப ஊரிகத்துல மரம் முட்டுக் கொடுக்கற ஆளா நிக்குது. ஆனா ஆதியில அது வெறும் கேள்வி. நம்ம லைன்ல சொல்ற மாதிரி சொன்னா, இன்னா. அவ்வளவுதான்.”

நான் கையில் இருந்த அகப்பையைக் கீழே வைத்தேன்.

“அப்டின்னா மன்னான்னா இன்னாவா?”

“இன்னாதான். வேற வேர் சொல்ற பண்டிதருங்களும் உண்டு. எனக்கு இதுதான் புடிச்சிருக்குது.”

அவருக்கு அது எபிரெயம். எனக்கு அது ஞானஸ்நானம். அடுத்த தடவை பெரிய ஐயர் கேட்கட்டும், பார்வதம்மா நிமிர்ந்து நின்று ‘இன்னா’ என்று சொல்லட்டும், மூல பாஷையின்படி அதுவே சரியான பதில் என்று உபதேசியார் எழுந்து சாட்சி சொல்லட்டும். பரீட்சையில் இப்படியெல்லாம் தந்திரம் செய்யக் கூடாது என்று அவர் சொன்னது அரைகுறையாகத்தான் என் காதில் ஏறியது. பொழுது விடிந்ததும் பார்வதம்மா வீட்டுக்கு ஓடினேன்.

அவள் முழுவதும் கேட்டாள். சந்தோஷப்படுவாள் என்று பார்த்தால், அவள் முகம் வெளுத்துப் போயிற்று.

“அப்போ ‘இன்னா’ன்றதும் அவரு பேருதானா?”

“அப்டி இல்லடி...”

“அவர நான் எப்டிம்மா கூப்புடறன்? இன்னாங்க, இன்னாங்கன்னு தானே? கட்டிக்கினு வந்த நாள்லருந்து அவரு பேரச் சொல்லிச் சொல்லித்தான் கூப்டுக்கினு கீறனா? ஐயோ, எம்மாம் பெரிய பாவி நான்.”

நெற்றியில் அடித்துக்கொண்டாள். நல்லது செய்யப் போய் நான் வாங்கிக் கட்டிக்கொண்டது அது. குடியாத்தம் பக்கத்திலிருந்து வந்த ஒருத்தி ‘இன்னா’ என்ற சொல் இல்லாமல் ஒரு நாளை எப்படி ஓட்டுவாள்? கடைக்குப் போனால் விலை கேட்க முடியவில்லை, விரலைக் காட்டினாள். தண்ணீர்த் தொட்டிச் சண்டையில் எதிராளியிடம் ஒரு வார்த்தை திருப்பிக் கேட்க முடியாமல் தோற்றுவிட்டு வந்தாள். வீட்டுக்காரனைக் கூப்பிடவே இல்லை.

சில நாள் பொறுத்து, மன்னாரு எங்கள் வாசலை அடைத்துக்கொண்டு வந்து நின்றான். ஷிப்டு முடிந்து நேராக வந்திருந்தான். முகத்தில் பாறைத்தூள் அப்படியே இருந்தது.

“இன்னாம்மா பண்ணீங்க எம் பொண்டாட்டிய? சோத்த வெச்சிட்டு சொம்பத் தட்றா. நான் இன்னா மாடா?”

உள்ளே வந்து உட்காரச் சொன்னேன். மாட்டேன் என்று படியிலேயே உட்கார்ந்துகொண்டான். உபதேசியாரும் வந்து நின்றார். அவன் தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

“மேல தூக்கியாற கேஜ்லருந்து எறங்கி லைனுக்குள்ள நொழையும்போது, ‘இன்னாங்க, வந்துட்டீங்களா’ன்னு ஒரு கொரலு வரும். அத்தக் கேட்டாத்தாம்மா நான் மேல வந்துட்டன்னு எனக்கே தெரியும். இப்போ அது இல்ல. வூட்டுக்கு வந்தும் இன்னும் பூமிக்குள்ளயே கீற மாதிரி இருக்குது.”

அதற்கு மேல் மறைக்க எனக்கு மனசு வரவில்லை. பரீட்சையில் அவள் வாயைப் பொத்திக்கொண்டு நின்றதிலிருந்து நான் செய்து வைத்த கோளாறு வரைக்கும் எல்லாவற்றையும் சொன்னேன். முதலில் அவன் சிரித்தான். வயிறு குலுங்கச் சிரித்தான். தன்னைத்தான் இஸ்ரவேலர் தின்றார்கள் என்ற இடத்தில் கண்ணீரே வந்துவிட்டது. அப்புறம் சிரிப்பு நின்றது.

“அவ எங்கிட்ட ஒண்ணுமே சொல்லலியே. அந்த மூணெழுத்துக்காவவா அவ பொண்ணுகிட்ட போவ முடியாம நிக்கிறா?”

அவன் உபதேசியார் பக்கம் திரும்பினான்.

“ஐயா, ஞானஸ்நானம் வாங்கினா பேர மாத்துவாங்க இல்ல?”

“சாமி பேரா இருந்தா மாத்தச் சொல்லுவார்” என்றார் உபதேசியார்.

“மாத்திட்டா, பழைய பேரு யாருது?”

“யாருதும் இல்ல.”

“அப்போ அவ சொல்லலாம்.”

உபதேசியார் அவன் பக்கத்தில் படியில் உட்கார்ந்தார். “பேரை மாத்தறதுக்காக ஞானஸ்நானம் கிடையாது, மன்னாரு. மனசுல விசுவாசம் வேணும்” என்றார் மெதுவாக.

“தெனம் அவ பாடம் சொல்லும்போது தட்டிக்கு இந்தப் பக்கம் படுத்துக்கினு நானும் கேட்டுக்கினுதான் கீறன் ஐயா. அவளுக்கு முன்னாடியே எனக்கு மனப்பாடம். புள்ளைக்கு நீங்க தண்ணி தெளிச்சப்போ எம் மடிலதான படுத்திருந்தா? என் கையும்தான் நனைஞ்சுது. அப்பவே நான் பாதி வந்துட்டன். வெக்கம், சொல்லல.”

உபதேசியார் உள்ளே போய் அவன் பெயரை ஞானஸ்நானப் பட்டியலில் எழுதிக்கொண்டார். மறுநாள் அவரே பார்வதம்மாவிடம் போய், மன்னாவுக்கு வேறு வேர் சொல்கிற பண்டிதர்களும் இருக்கிறார்கள், ஆகையால் அது இன்னாதான் என்று உறுதியில்லை, நீ தாராளமாகப் புருஷனைக் கூப்பிடலாம் என்று சொல்லிவிட்டு வந்தார். அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் இந்தப் பண்டிதர்கள் ஒரு குடும்பத்துக்கு இவ்வளவு உபகாரம் செய்தது அதுதான் முதல் தடவையாக இருக்கும். அன்று சாயங்காலம் ஷிப்டு விட்டதும், “இன்னாங்க, வந்துட்டீங்களா” என்று அடுத்த லைன் வரைக்கும் கேட்கிற மாதிரி ஒரு குரல் வந்தது. என்னைப் பழிதீர்க்கத்தான் அவ்வளவு சத்தமாகக் கூப்பிட்டாள் என்று நினைக்கிறேன்.

அதற்குப் பிறகு புதுப் பெயர் தேடுகிற வேலை. இதற்கென்று ஒரு சாயங்காலம் மன்னாரு குளித்துவிட்டு வந்து உட்கார்ந்தான். பார்வதம்மா எங்கள் அடுப்படியில் நின்று, எல்லாம் கேட்டுக்கொண்டு, ஒன்றும் கேட்காத மாதிரி வெங்காயம் உரித்தாள். பேரை விடுகிறேன் என்று அவன் அவளிடம் சொன்னபோது பெரிய சண்டை நடந்து, அவன்தான் ஜெயித்திருந்தான்.

“மோசேன்னு வெச்சிக்கறியா?” என்றார் உபதேசியார்.

“அது கேள்வில வருதே ஐயா. செங்கடலப் பொளந்தது யாருன்னு கேட்டா அவ மறுபடி வாயப் பொத்திக்கினு நிப்பா.”

நோவா என்றார். பேழை. ஆபிரகாம் என்றார். அது கேள்வியிலும் வந்தது, பதிலிலும் வந்தது. யாக்கோபு, யோசேப்பு, தாவீது என்று ஒவ்வொரு பெயராகத் தள்ளிக்கொண்டே வந்தார்கள். நல்ல பெயர் அத்தனையும் வினாவிடையில் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தது. வேதத்தில் இவ்வளவு பேர் இருப்பது இடைஞ்சல் என்று எனக்கு அன்றுதான் தோன்றியது.

“ஏனோக்கு” என்றார் உபதேசியார் கடைசியில்.

“அவரு இன்னா பண்ணாரு?”

“தேவனோட நடந்தார்.”

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான்.”

“நடக்கறது நமக்கு சரிப்படும். கேள்வில வரமாட்டாரே?”

“வரமாட்டார்.”

அடுப்படியில் பார்வதம்மா மூக்கை உறிஞ்சினாள். வெங்காயம் என்றாள், யாரும் கேட்காமலே.

பெரிய ஐயர் வருகிற ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் மன்னாரு லீவு சொல்லிவிட்டுத் தனியாக ஊருக்குப் போய் வந்தான். எதற்குப் போனாய் என்று நான் கேட்டேன். மன்னார்சாமி முன்னால் நின்று சொல்லிவிட்டு வந்தானாம்.

“எங்கம்மா நேந்துக்கினு வெச்ச பேரும்மா. எங்கம்மா இப்போ இல்ல. அவ கூப்ட்ட பேரு அது ஒண்ணுதான் எங்கிட்ட இருந்துது. சொல்லாம கொள்ளாம வுட்டுட்டு வந்தா நல்லா இருக்காது. திருப்பிக் குடுத்துட்டு வந்துட்டன்.”

“சாமி இன்னா சொல்லுச்சு?”

“ஒண்ணும் சொல்லல. மீசைய முறுக்கிக்கினு எப்பவும் போலத்தான் பாத்துது. கோவமா இருந்தா எனக்குத் தெரியும்மா. இல்ல.”

இதை நான் பெரிய ஐயரிடம் சொல்லவில்லை. உபதேசியாரும் சொல்லவில்லை. சீமை ராணியம்மா செத்த வருஷம் அது. அந்த ஞாயிற்றுக்கிழமை கோயில் நிரம்பி, ஜன்னலுக்கு வெளியிலும் ஆட்கள் நின்றார்கள். அவனோடு வேலை செய்கிற இந்து ஆட்கள், அவ்வளவு பெரிய தலைக்கு எவ்வளவு தண்ணீர் ஆகும் என்று பார்க்க வந்தவர்கள்.

ஆண்களை முதலில் கேட்டார் பெரிய ஐயர். மன்னாரு எல்லாவற்றுக்கும் தடுமாறாமல் சொன்னான். அந்தக் கேள்வி வந்தபோது, “மன்னா சாமி, நான்தான்” என்று ஆரம்பித்து நாக்கைக் கடித்துக்கொண்டான். ஜன்னல் பக்கம் சிரிப்புக் கேட்டது. கடைசியாகப் பெரிய ஐயர், “நீ ஏன் இந்தச் சபைக்கு வருகிறாய்?” என்றார்.

“எம் பொண்ணு அந்தப் புங்கமரத்தடில படுத்திருக்குது சாமி. இவளும் அங்கதான் போவேன்றா. பொண்ண ஒங்க கர்த்தரு பாத்துக்கறாருன்னு இவ சொல்றா, நானும் நம்பறன். அவரு பாத்துக்கற எடத்துல நானும் இருக்கணும்.”

பெரிய ஐயர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்து மாட்டிக்கொண்டு, கிண்ணத்தைக் கையில் எடுத்தார். ஏனோக்கு என்று பெயர் சொல்லி மூன்று முறை தண்ணீர் ஊற்றினார். அவன் எழுந்து, தலை சொட்டச் சொட்ட, ஆண்கள் பக்கம் போய்ப் பாயில் உட்கார்ந்தான்.

பிறகு பார்வதம்மா. உலகத்தைப் படைத்தது யார், பேழையைச் செய்தது யார். எல்லாம் சொன்னாள். பெரிய ஐயர் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, அவள் முகத்தைப் பார்த்துக் கேட்டார்.

“இஸ்ரவேலருக்குத் தேவன் வானத்திலிருந்து எதைக் கொடுத்தார்?”

அவள் கை முந்தானைக்குப் போயிற்று. இப்போது அது யாருடைய பெயரும் இல்லை, சொல்லடி என்று மனசுக்குள் கத்தினேன். தூரத்தில் மில்லின் இடி மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. முந்தானையைத் தொட்ட கை அப்படியே இறங்கியது. அவள் பெரிய ஐயருக்கு முதுகைக் காட்டித் திரும்பி, ஆண்கள் பக்கம் பார்த்தாள்.

“மன்னா” என்றாள்.

பதில் சொல்கிற குரல் அல்ல அது. வாசலில் நின்று ஆளைக் கூப்பிடுகிற குரல். கல்யாணமான நாளிலிருந்து உள்ளே வைத்திருந்ததை அன்றைக்குத்தான் எடுத்தாள்.

“இன்னா?” என்று எழுந்து நின்றான் அவன்.

ஜன்னலில் சிரிப்பு வெடித்தது. பெரிய ஐயர் கையைத் தூக்கி அடக்கினார். அவர் எபிரெயம் படித்தவர், மன்னாவுக்கு மூலத்தில் என்ன அர்த்தம் என்று தெரிந்தவர். அவளைப் பார்த்தார், அவனைப் பார்த்தார், பிறகு எங்கள் உபதேசியாரைப் பார்த்தார். உபதேசியார் ஆமாம் என்று தலையை மட்டும் ஆட்டினார். பெரிய ஐயர் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு அவள் திரும்புவதற்காகக் காத்திருந்தார். அவர் காத்திருந்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

அவன் இன்னும் நின்றுகொண்டிருந்தான். கூப்பிட்டவள் எதற்குக் கூப்பிட்டாள் என்று தெரியாமல் எப்படி உட்காருவான்? தலையிலிருந்து தண்ணீர் சட்டையில் வடிந்துகொண்டிருந்தது.

“இன்னா பார்வதி?” என்று மறுபடி கேட்டான், இந்தத் தடவை மெதுவாக.

“ஒண்ணுமில்ல. சும்மா கூப்ட்டன்” என்று சொல்லிவிட்டு, அவள் திரும்பி முழங்கால் போட்டாள்.